காதைக் கொடுத்து உயிர் மீண்டவர்கள்

சில வாரங்களுக்கு முன் கொடுங்கையூரிலிருந்து ஒருவர் நம்மைக் காண வந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். துறைமுகத்துக்குப் போகும் லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்கிப் பிழைத்தவர். துணைக்கு அவருடைய மகள் வந்திருந்தாள். “உட்காருங்கள்” என்று நாம் சொன்னது அவருக்கு எட்டவில்லை. மகள் நாற்காலியைத் தொட்டுக் காட்டிய பிறகே உட்கார்ந்தார். அவர் பேசத் தொடங்கியதும் அடுத்த அறையில் இருந்தவர்கள் ஏதோ சண்டை என்று எண்ணி எட்டிப் பார்த்தார்கள். தம் குரல் தமக்கே கேளாதவர் அவ்வளவு உரக்கத்தான் பேசுவார்.

அவர் சொன்ன கதை சுருக்கமானது. பத்து வருஷங்களுக்கு முன் அவருக்குக் க்ஷயரோகம் கண்டது. மருந்து சாப்பிட்டார், உடம்பு சற்றுத் தேறியதும் வேலைக்குப் போனார், மருந்தை விட்டார். நோய் திரும்பிற்று. இரண்டாந்தடவை கொடுத்த மருந்துக்கு அது அடங்கவில்லை. சளியைச் சோதித்துப் பார்த்து, இது வழக்கமான மருந்துக்கு மசியாத க்ஷயம் என்று சொல்லி, தினம் ஓர் ஊசியும் கைநிறைய மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் காதுக்குள் வண்டு குடைவதுபோல் ஓர் இரைச்சல் தொடங்கிற்று. அதைச் சொன்னபோது, பலவீனந்தான், நன்றாகச் சாப்பிடு என்ற பதில் கிடைத்தது. ஊசி முடிவதற்குள் காதும் முடிந்துவிட்டது. இருட்டில் நடந்தால் தள்ளாடி விழுகிறார். ஏறக்குறைய இரண்டு வருஷம் மருந்தை ஒழுங்காகத் தின்று முடித்த பின் அவருடைய அட்டையில் ‘குணமடைந்தார்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

“சீக்கு போச்சு சார், கூடவே காதும் போச்சு. அத எங்கியும் எழுதல” என்றார்.

நஷ்டஈடு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பவர்களையே பார்த்துப் பழகிய நமக்கு அவர் கேட்டது வியப்பாயிருந்தது. அந்த ஊசியால்தான் இது நேர்ந்தது என்று ஒரு காகிதத்தில் யாரேனும் எழுதித் தருவார்களா என்பதே அவருடைய கேள்வி. காரணமும் சொன்னார். மாலையில் அவர் தள்ளாடி நடப்பதைப் பார்க்கும் தெருவார் அவரைக் குடிகாரர் என்கிறார்களாம். அவர் குடியை விட்டுப் பல வருஷங்களாகின்றன. மகளுக்கு வரன் பார்க்க வந்தவர்களும் அதையே கேள்விப்பட்டுத் திரும்பிப் போனார்களாம்.

வாசகர்களில் பலர் இப்படி ஒரு விஷயம் இருப்பதையே அறிந்திருக்க மாட்டார்கள். நாமும் அறிந்திருக்கவில்லை. ஆனால் வைத்திய சாஸ்திரம் இதை எண்பது வருஷங்களாக அறியும்.

க்ஷயரோகத்தை வென்ற முதல் மருந்து ஸ்ட்ரெப்டோமைஸின். 1943-ம் வருஷம் அமெரிக்காவில் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில், வாக்ஸ்மன் என்ற மண்ணியல் நிபுணரின் ஆராய்ச்சிச் சாலையில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போயிற்று, மாணவருக்குக் கிடைக்கவில்லை. அது வேறு வழக்கு. 1948-ல் நம் புதுமைப்பித்தன் க்ஷயத்தால் மாண்டபோது இந்த மருந்து உலகத்தில் இருந்தது. ஏழை எழுத்தாளனின் கைக்கெட்டும் விலையில்தான் இல்லை.

அதே 1948-ல் இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கௌன்ஸில் இம்மருந்தைப் பரீக்ஷித்து அறிக்கை வெளியிட்டது. மருந்து பெற்றவர்கள் 55 பேர். படுக்கையில் ஓய்வு மட்டும் பெற்றவர்கள் 52 பேர். ஆறு மாதத்தில் முதல் கூட்டத்தில் இறந்தவர் 4 பேர். இரண்டாவது கூட்டத்தில் 14 பேர். இந்தக் கணக்கை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அவ்வறிக்கையில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. மருந்து பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தலைசுற்றலும் தடுமாற்றமும் அடைந்தார்கள் என்பது ஒன்று. பலருடைய சளியிலிருந்த கிருமிகள் சில மாதங்களில் மருந்துக்கு அஞ்சாதவையாக மாறின என்பது மற்றொன்று. நம்முடைய கொடுங்கையூர் நண்பரை வதைத்த இரண்டு தீமைகளும், மருந்துக்கு மசியாத க்ஷயமும் நிலை தவறிய நடையும், ஒரே அறிக்கையில் அன்றே அச்சாகிவிட்டன.

பிறகு மருந்தைச் சற்று மாற்றிப் பார்த்தார்கள். டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைஸின் என்று ஒன்று வந்தது, தலைசுற்றல் குறைந்தது, ஆனால் செவிடு மிகுந்தது, ஆகவே கைவிடப்பட்டது. 1957-ல் ஜப்பானில் உமஸாவா என்ற விஞ்ஞானி கானமைஸினைக் கண்டுபிடித்தார். அதன் வழியாகப் பின்னர் அமிகாஸின் வந்தது. இவையெல்லாம் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஸ்ட்ரெப்டோமைஸின் பெரும்பாலும் உடலின் நிலைப்பாட்டைக் கெடுக்கும். கானமைஸினும் அமிகாஸினும் பெரும்பாலும் கேள்வியைக் கெடுக்கும். இரண்டையும் ஒருங்கே இழந்தவர்களும் உண்டு. வேறு குலத்ததாகிய காப்ரியோமைஸினுக்கும் இதே குணம் உண்டு.

இது எப்படி நேர்கிறதென்று சற்று விளக்க வேண்டும். காதின் உட்புறத்தில், எலும்புக்குள், நத்தை ஓடுபோல் சுருண்ட ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதில் உரோமம்போன்ற நுனிகளையுடைய ஆயிரக்கணக்கான அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி அவற்றை அசைக்கிறது. அசைவு நரம்பின் வழியே மூளைக்குப் போகிறது. நாம் சொன்ன மருந்து இரத்தத்தோடு அங்கே சென்று, ஒலியால் திறக்கும் அதே வாயில் வழியாக அந்த அணுக்களுக்குள் புகுந்து தங்கி அவற்றைக் கொல்கிறது. தோல் கிழிந்தால் தோல் வளரும். எலும்பு முறிந்தால் கூடும். மனிதனுடைய காதில் செத்த இந்த அணு திரும்ப முளைப்பதில்லை. ஊசியை நிறுத்திய பிறகும் சில வாரங்கள் கேடு வளர்வதுண்டு. தாய்வழியாக வரும் ஒரு பரம்பரைக் குறை உள்ளவர்களுக்குச் சில ஊசிகளே போதும் என்பதும் 1993-ல் தெரிந்துவிட்டது.

முதலில் சாவது மிக உச்சமான ஸ்வரங்களைக் கேட்கும் அணுக்கள். நாம் பேசும் பேச்சு அந்த உச்சத்துக்குக் கீழே இருப்பதால், நோயாளிக்கு ஆரம்பத்தில் ஒன்றும் தெரிவதில்லை. அதற்குரிய கருவியை வைத்துச் சோதித்தால் மட்டும் தெரியும். அப்பொழுது மருந்தை மாற்றினாலோ அளவைக் குறைத்தாலோ பேச்சைக் கேட்கும் சக்தியைக் காப்பாற்றிவிடலாம். நோயாளியே வந்து, காது மந்தமாயிருக்கிறது என்று சொல்லும்போது காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். கேடு கீழே இறங்கி வரும்போது உயிரெழுத்துக்களின் ஓசை நிற்கும், மெய்யெழுத்துக்கள் மறையும். பசி, படி, பதி மூன்றும் ஒன்றாகவே விழும். “சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை” என்று இவர்கள் சொல்வது அதனால்தான். குழந்தையின் குரல் முதலில் போகும்; கண்டெய்னர் லாரியின் உறுமல் கடைசியாகப் போகும்.

தடுமாற்றத்தின் விஷயம் இதைவிடக் குறைவாகவே அறியப்பட்டிருக்கிறது. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களும் அவற்றை ஒட்டிய இரு சிறு பைகளும் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எப்படிச் சாய்கிறது என்று மூளைக்கு அறிவிப்பவை அவை. அங்கும் அதே உரோம அணுக்களே காவல். அவை செத்தால், கண்ணும் உள்ளங்காலும் சொல்லும் செய்தியைக் கொண்டே மனிதன் நிமிர்ந்து நிற்க வேண்டும். பகலில், சமதரையில், ஒருவாறு சமாளிக்கலாம். விளக்கில்லாத சந்தில், குண்டும் குழியுமான பாதையில், இரண்டு செய்தியும் பொய்க்கும். முகம் கழுவக் கண்ணை மூடிக் குனிந்தால் விழுவார்கள். நடக்கும்போது உலகமே குலுங்குவதால், எதிரே வருகிற பஸ்ஸின் எண்ணைப் படிக்க நின்றுதான் ஆகவேண்டும்.

1952-ம் வருஷம் அமெரிக்காவில் ஒரு வைத்தியர் தமக்கே இது நேர்ந்த கதையை, பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் போட்டு, ஒரு பெரிய மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். ஸ்ட்ரெப்டோமைஸின் அவருடைய நோயைத் தீர்த்து நிலைப்பாட்டைப் பறித்துவிட்டது. படுக்கையில் படுத்துப் புத்தகம் படிக்கும்போது தம் நாடித்துடிப்பு தலையை அசைக்க, அந்த அசைவில் எழுத்து குலுங்கிற்றாம். கட்டிலின் கம்பிகளுக்கிடையே தலையை அழுத்தி வைத்துக்கொண்டுதான் படிக்க முடிந்ததாம். அவர் வைத்தியர், எழுதினார், உலகம் படித்தது. நம் மூட்டைத் தொழிலாளிக்கு அதே துன்பம் வந்தபோது தெருவார் கொடுத்த பெயர் குடிகாரர் என்பது.

காசிமேட்டுப் படகில் போகும் ஒருவருக்கு இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இவ்வுறுப்பு செயலற்றவர்களுக்குக் கடல்மயக்கம் வருவதில்லை என்பது ஒரு விசித்திரம். ஆனால் இருட்டில் தண்ணீருக்குள் விழுந்தால் மேல் எது கீழ் எது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

இந்த வட்டாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று பரந்து கிடக்கும் வடசென்னை, பட்டணம் முழுவதற்கும் சரக்கையும் எண்ணெயையும் மின்சாரத்தையும் இறக்கிக் கொடுக்கும் பூமி; பட்டணத்தின் கழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் அதுவே. கொடுங்கையூரில் முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் பல பத்தாண்டுகள் குப்பை மலையாகக் குவிந்தது. நெருங்கிய வீடு, புகை, அரைவயிற்று உணவு, நீரிழிவு இவை சேர்ந்த இடத்தில் க்ஷயத்துக்கு அழைப்பு வேண்டியதில்லை. தவிர, காது போனவன் பிழைத்துச் செல்லக் கூடாத இடமும் இதுதான். பின்னால் வரும் டிரெய்லரின் ஹாரனும், ரயில்வே கேட்டின் மணியும், கிரேன்காரன் மேலிருந்து போடும் கூச்சலும் கேளாதவனை எந்த மேஸ்திரி வேலைக்கு அழைப்பான்?

க்ஷய சிகிச்சையில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கௌன்ஸில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கௌன்ஸில் ஆகிய நான்கும் சேர்ந்து க்ஷய சிகிச்சை நிலையம் ஒன்றை இங்கே ஏற்படுத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற வைத்தியர் அதை நடத்தினார். பட்டணத்து ஏழைகள் 193 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு வீட்டிலும் மற்றொரு கூற்றுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கமான குடிசையில், போதாத உணவோடு, வேலை பார்த்துக்கொண்டே மருந்துண்டவர்களும், மலைக்காற்றும் பாலும் முட்டையும் பெறுபவர்களுக்கு நிகராகக் குணமடையலாம் என்று 1959-ல் நிரூபணமாயிற்று. உலகெங்கும் க்ஷய ஆஸ்பத்திரிகளின் கதவு திறந்ததற்கு இந்தச் சென்னை ஏழைகளின் உடம்பே சாக்ஷியாக நின்றது. சேத்துப்பட்டில் அந்நிலையம் இன்று தேசிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. அது இருக்கும் வீதிக்கு மேயர் சத்தியமூர்த்தியின் பெயர்.

அந்த 1956-ம் வருஷத்துப் பரீக்ஷையில் ஊசி கிடையாது. இரண்டு மருந்தும் வாய்வழி மருந்துகள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊசி பிற்பாடு பெருகிற்று. முதல் சிகிச்சை தவறியவர்களுக்கு மறுபடி சிகிச்சை தொடங்கும்போது இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைஸின் போடுவது நெடுங்காலம் விதியாக இருந்தது. மருந்துக்கு மசியாத க்ஷயத்துக்கென்று தேசியத் திட்டம் 2007-ல் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் தொடங்கி 2013-க்குள் நாடு முழுவதும் பரவிற்று. அதில் கானமைஸின் ஊசி வாரத்தில் ஆறு நாள், ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை. ஆறு மாதம் என்றே வைத்தாலும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஊசிகள்.

எத்தனை பேர்? 2014 முதல் 2016 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், புதிதாக நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 2.84 பேருக்கும், முன்பே சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 11.62 பேருக்கும் இந்தப் பன்மருந்து எதிர்ப்புக் க்ஷயம் இருந்தது. உலகத்திலுள்ள இத்தகைய நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். ஊசி பெற்றவர்களில் எத்தனை பேருக்குக் காது கெட்டது என்பதில் ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி எண் மாறுகிறது. பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2021-ல் வெளிவந்த கணக்கு நூற்றுக்கு நாற்பது என்கிறது. வாசகர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்காக வைத்தியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் விரும்பவில்லை. சாவா செவிடா என்ற நிலையில் செவிட்டைத் தேர்ந்த வைத்தியர் தவறு செய்தார் என்று யார் சொல்ல முடியும்? நம்மிடம் வந்தவரும் அந்த ஊசியால்தான் பிழைத்தார். அதை அவரே சொன்னார். நம் கேள்வி வேறு. தேர்ந்தெடுத்தது யார்? வயது வந்த மனிதனுக்குச் செய்யப்போகும் சிகிச்சையின் தன்மை, அதன் பெரிய அபாயங்கள், வேறு வழிகள் ஆகியவற்றைச் சொல்லி அவனுடைய சம்மதம் பெற வேண்டும் என்று 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ஊசியைத் தொடங்குமுன் காதைச் சோதித்தார்களா? மாதந்தோறும் சோதித்தார்களா? இரைச்சல் கேட்டால் உடனே வந்து சொல் என்று ஒரு வாக்கியமாவது சொன்னார்களா? நம் நண்பருக்கு மூன்றுமே நடக்கவில்லை. சம்பளக்கார இளைஞன் ஒருவன் தனி வைத்தியரிடம் போயிருந்தால் சொல்லியிருப்பார்களோ என்று கேட்டால், அதுவும் நிச்சயமில்லை என்று தோன்றுகிறது.

நிச்சயமில்லை என்பதற்குச் சாக்ஷி இருக்கிறது. மும்பையில் நந்திதா வெங்கடேசன் என்ற படித்த பெண், குடலில் க்ஷயம் கண்டு இரண்டாந்தடவை சிகிச்சை பெறுகையில், 2013-ல் ஊசி மருந்தால் கேள்வியை இழந்தார். பின்னர் பத்திரிகையாளரானார். தென்னாப்பிரிக்காவில் ஃபுமேஸா டிஸிலே என்ற இளம்பெண்ணுக்கும் கானமைஸினால் இதே கதி நேர்ந்தது. இவ்விருவரும் சேர்ந்து செய்த காரியம் நம் சட்டச் சரித்திரத்தில் எழுதத் தக்கது.

ஊசிக்குப் பதிலாகக் கொடுக்கத் தக்க வாய்மருந்து பெடாகுவிலின். 2012 டிசம்பரில் அமெரிக்கா அதை அங்கீகரித்தது. நம் நாட்டில் 2016 மார்ச்சில், ஆறு இடங்களில் மட்டும், கட்டுப்பாட்டோடு கொடுக்கத் தொடங்கினார்கள். மருந்து குறைவு, நோயாளிகள் அதிகம். பாட்னாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் தில்லியில் அம்மருந்தைக் கேட்டபோது, நீ தில்லிவாசி அல்ல என்று மறுக்கப்பட்டு, ஹைகோர்ட்டுக்குப் போன பிறகே, 2017 ஜனவரியில், வழி பிறந்தது. மறு வருஷம் அவள் இறந்து போனாள். ஒரே தேசத்தின் பிரஜை தன் தேசத்தின் தலைநகரில் மருந்துக்கு அந்நியளானாள்!

மருந்து ஏன் குறைவாயிருந்தது? ஜான்ஸன் அண்டு ஜான்ஸன் கம்பெனியின் ஏகபோக உரிமை ஒரு முக்கியக் காரணம். அந்த உரிமை 2023 ஜூலையில் முடிய வேண்டியது. கம்பெனி அதே மருந்தின் ஓர் உப்பு வடிவத்துக்குத் தனி உரிமை கேட்டு மனுப் போட்டு, மேலும் நாலு வருஷம் நீட்டிக்கப் பார்த்தது. 2019-ல் காதிழந்த இவ்விரு பெண்களும், எல்லையற்ற மருத்துவர்கள் என்ற சங்கத்தின் துணையோடு, அதை எதிர்த்து மனுச் செய்தார்கள். 2023 மார்ச் 23-ந் தேதி கம்பெனியின் மனு தள்ளப்பட்டது.

இந்த வெற்றிக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாயிருந்த என். ராஜகோபால அய்யங்கார். 1959-ல் அவர் கொடுத்த அறிக்கையின் பேரில்தான் 1970-ம் வருஷத்துப் பேடண்ட் சட்டம் பிறந்தது. 2005-ல் உலக வியாபார ஒப்பந்தத்துக்காக அச்சட்டத்தைத் திருத்த நேர்ந்தபோதும், பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புது உரிமை கேட்பதைத் தடுக்க 3(டி) என்ற பிரிவை வைத்தார்கள். அதை எதிர்த்து ஸ்விட்ஸர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனி வழக்காடி, 2007-ல் சென்னை ஹைகோர்ட்டிலும் 2013-ல் சுப்ரீம் கோர்ட்டிலும் தோற்றது. சுதேசியம் என்றால் கதரும் ராட்டினமும் மட்டும் என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பிரிவை ஒருதரம் படிப்பது நல்லது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2018 ஆகஸ்டில் கானமைஸினையும் காப்ரியோமைஸினையும் விலக்கச் சொல்லிற்று. 2022-ல் நாலு வாய்மருந்துகளால் ஆறு மாதத்தில் முடியும் சிகிச்சையைச் சிபார்சு செய்தது. 2024 செப்டம்பரில் நம் மத்திய சுகாதார இலாகா அதை ஏற்றது. ஆகவே இன்று நோய் காணும் ஒருவருக்கு ஊசி பெரும்பாலும் இல்லை. வேறு மருந்து பலிக்காத சிலருக்கு அமிகாஸின் இன்னும் வேண்டியிருக்கும். அவர்களுக்குக் காதுச் சோதனை தவறவே கூடாது. புதிய மருந்துகளும் சாதுவல்ல. லைனஸாலிட் நீடித்தால் உள்ளங்கால் மரத்துப்போகும், இரத்தம் குறையும், கண்ணையும் தொடும். பழைய ஊசியால் உட்காதை இழந்து, மறுபடி நோய் வந்து, புதிய மருந்தால் உள்ளங்கால் உணர்வையும் இழந்தவனுக்கு நிற்பதற்கு மிஞ்சுவது கண் ஒன்றே.

ஊசி போய்விட்டது, இனி என்ன என்று சிலர் கேட்கலாம். போனது ஊசி. ஊசி பெற்றவர்கள் இருக்கிறார்கள். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் தங்கள் வீட்டுத் திண்ணையில், யாரும் பேச வராமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சட்டம் அவர்களுக்கு என்ன தருகிறது? 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, இரு காதிலும் பேச்சொலி அளவில் 70 டெசிபெல் இழந்தவர் காது கேளாதவர். 60 முதல் 70 வரை இழந்தவர் கேள்வி குறைந்தவர். 55 டெசிபெல் இழந்து, மெய்யெழுத்து ஒன்றும் விளங்காமல் வேலையை இழந்தவர் எந்தக் கணக்கிலும் இல்லை. உட்காதின் நிலைப்பாட்டை இழந்தவருக்கு, அச்சட்டம் சொல்லும் இருபத்தொரு வகைகளில் தனி இடமே கிடையாது. காதுக்குள் கருவி பொருத்தும் பெரிய சிகிச்சைக்குச் சர்க்கார் உதவி பெரும்பாலும் குழந்தைகளை நோக்கியே அமைந்திருக்கிறது. குழந்தைகளுக்குக் கொடுப்பது சரியே, ஆனால் சர்க்கார் திட்டத்தில் சர்க்கார் ஊசியால் காதிழந்த நாற்பது வயதுக்காரர் எங்கே போவார்? புதிய மருந்தைப் பரீக்ஷிக்கும்போது ஒருவருக்குக் கேடு நேர்ந்தால் நஷ்டஈடு தர 2019-ம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. பழகிய மருந்தால், தெரிந்த கேடு நேர்ந்தால் அப்படி ஒரு விதி இல்லை. அறியாமல் செய்ததற்கு ஈடு உண்டு, அறிந்து செய்ததற்கு இல்லை என்பது நம் சட்ட அறிவுக்குப் பிடிபடவில்லை.

முதல் காரியம் எண்ணுவது. அது அசாத்தியமன்று. 2012 முதல் க்ஷய நோயாளிகளின் பெயர்கள் நிக்ஷய் என்ற சர்க்கார் ஏட்டில் பதிவாகின்றன. யாருக்கு எந்த மருந்து என்பதும் அதில் ஏறுகிறது. பன்மருந்து எதிர்ப்புக் க்ஷயத்துக்கு ஊசி பெற்று உயிரோடிருப்பவர்களை வார்டு வார்டாக அழைத்து, காதையும் நடையையும் சோதித்து, ‘குணமடைந்தார்’ என்பதற்குப் பக்கத்தில் இழந்தது என்ன என்று எழுதலாம். ராயபுரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஓட்டேரியில் க்ஷய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆளும் கருவியும் இல்லாத ஊரல்ல இது. மாதம் ஆயிரம் ரூபாய் உணவுக்கென்று நோயாளிக்குக் கொடுக்கும் சர்க்கார், நோய் தீர்ந்த பிறகு காதுக்கருவி ஒன்று கொடுப்பதால் ஏழையாகிவிடாது. நிலைப்பாடு கெட்டவர்களுக்குத் தேகப்பயிற்சியால் ஓரளவு நடை திரும்பும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அதைக் கற்பிக்க ஆள் வேண்டும்.

வார்டுகளில் உழைக்கும் ஊழியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தள்ளாடி நடப்பவரைக் கண்டால் உடனே முடிவு கட்டாமல், அவர் எப்போதாவது ஊசி மருந்து பெற்றாரா என்று கேளுங்கள். எதிரே நின்று, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி, நிதானமாகக் கேளுங்கள். கத்துவதால் மெய்யெழுத்து வராது. பழைய சிகிச்சை அட்டை டிரங்குப் பெட்டியில் இருக்கும். எறிந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். 2002-ம் வருஷத்து மருத்துவக் கௌன்ஸில் விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவருடைய சிகிச்சைப் பதிவைத் தர வேண்டும். அதே விதிகள் பதிவைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்றும் சொல்கின்றன. ஆகையால் பலருடைய காகிதம் இதற்குள் குப்பைக்குப் போயிருக்கும். கொடுங்கையூர்க் குப்பைக்கே போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

நம் நண்பரிடம் அட்டை இருக்கிறது. ஓரம் கிழிந்திருந்தாலும் ஊசியின் பெயரும், போட்ட நாட்களின் குறிகளும் தெரிகின்றன. எண்ணிப் பார்த்தோம், நூற்று எழுபதுக்கு மேல் இருந்தன. அதன் நகலோடு, காது சோதித்த வைத்தியரின் சீட்டையும் சேர்த்து, அவர் கேட்ட அந்த ஒரு வாக்கியத்தை எழுதித் தரும்படி அவர் பேரால் மனு அனுப்பியிருக்கிறோம். மகள் அதை அவருக்கு எழுத்துக் கூட்டிக் காட்டினாள், கையெழுத்துப் போட்டார். பதில் இன்னும் வரவில்லை.